சுத்தமும் பத்தமும்

என் மேசை லாச்சிக்குள் ஒரு சாண் நீளக் கேபிள் துண்டு கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் அதைப் பலமுறை எடுத்து முற்றத்தில் எறிந்திருக்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் பொறுக்கிக்கொண்டு வந்து திரும்ப உள்ளே போட்டிருக்கிறேன். வெட்டிய முகத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி மெழுகுபோல வெள்ளையாக ஒரு தடிப்பு, அதற்கு மேல் மெல்லிய செம்பு இழைகளால் பின்னிய உறை, எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புத் தோல். வட்டத்துக்குள் வட்டமாக, குழலிலிருந்து தள்ளிய பிட்டை வெட்டி வைத்தது மாதிரி இருக்கும். அந்தச் செம்புப் பின்னல் பச்சை பிடித்துப்போயிருக்கிறது. என் மாமனாரை வாழ்நாளில் ஒரேயொரு தடவை வாயடைக்க வைத்தது அந்தப் பச்சைதான்.

இன்று காலையும் அதைக் கையில் எடுத்தேன். மாரி தொடங்கிய நாள் முதலாக வீட்டுத் தொலைக்காட்சியில் படம் சரியில்லை. செய்தி வாசிப்பவரின் முகம் உப்புத் தூவிய கருவாடாகத் தெரிந்தது. மழை சற்று விட்டதும் அன்ரனா திருத்தும் தம்பி ஒருவர் வந்து ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினார். ஏறும்போதே, "கேபிள் மூட்டுக்குள்ள தண்ணி பூந்திட்டுது போல, ஐயா" என்றார். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ அதைக் கேட்டதும் துறைமுகமும் யுத்தமும் கச்சான் காற்றும் மாமாவின் குடையும் ஒன்றாக வந்துவிட்டன. அவர் கூரையில் இருக்கும் நேரத்துக்குள் அந்தக் கதையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா என்பது என் மனைவியின் தகப்பனார். திருகோணமலை நீதிமன்றத்தில் துவிபாஷியாக இருந்து இளைப்பாறியவர். நீதவான் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும், சாட்சி தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்வது அவருடைய தொழில். அதற்காகக் கிடைத்த முதலியார் பட்டத்தை ஊர் அவருக்குப் பெயராகவே ஆக்கிவிட்டது. நல்ல மொழிபெயர்ப்பாளர்தான், ஆனால் சொல் விஷயத்தில் தாராளமானவர். எதிலும் சற்றுக் கூடப் போடுவார். சாட்சி ஒருவன் "தெரியாது" என்று ஒரு சொல்லில் சொன்னதை அவர் அரைப்பக்க ஆங்கிலமாக்கி முடிக்க, நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவ்வளவையும் இவன் சொன்னானா என்று கேட்டாராம். "சொல்லவில்லை, கனம் நீதவான் அவர்களே, ஆனால் சொல்ல விரும்பினார்" என்று மாமா பதில் சொன்னாராம். இந்தக் கதையை அவரே எங்களுக்குப் பெருமையோடு சொல்லுவார். தன் மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைக்கூட யாரும் பிழை பிடித்ததில்லை என்பது அவருடைய இரண்டாவது பெருமை. வீட்டில் மாமி தினமும் பிடிப்பார். அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்ததும் நான் பெண் வீட்டில் குடியிருந்தேன். ஆகவே யுத்த காலத்தை மாமாவோடு ஒரே கூரையின் கீழும் ஒரே கந்தோரிலும் கழிக்கவேண்டியதாயிற்று. ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போன பிறகு நகரம் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. மாமியைக் கிளிவெட்டியில் உறவினர் வீட்டுக்கு அனுப்பினோம். "அங்க குண்டு விழாது, சரி. ஆனால் அவையளின்ர சொதியைக் குடிக்க ஏலாது" என்று சொல்லிக்கொண்டு அவர் திரும்பி வந்துவிட்டார். எனக்குத் துறைமுகத்தை ஒட்டிய மலையடிவாரத்தில், சமிக்ஞைப் பிரிவுக் கந்தோரில் தட்டெழுத்து வேலை கிடைத்திருந்தது. அங்கே பொறுப்பாக இருந்த வெள்ளைக்கார அதிகாரியை நாங்கள் துரை என்போம். உயரமானவர், வெயிலில் தோல் உரிந்து எந்நேரமும் சிவந்திருப்பார். கூலியாட்களோடு கதைக்க ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று துரை கேட்க, மாமா கறுப்புக் கோட்டைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து, பூச்சி உருண்டைகளை உதறிவிட்டு, மீண்டும் உத்தியோகத்துக்குப் புறப்பட்டார்.

விஷயம் இதுதான். மலையுச்சியில் இரும்புக் கோபுரங்கள் நட்டிருந்தார்கள். கடலுக்கு அப்பால் எதிரியின் கப்பல்கள் கம்பியில்லாத் தந்தியில் பேசிக்கொள்வதை அந்தக் கோபுரங்கள் பிடிக்கும். பிடித்ததைச் சரிவில் இருந்த கொட்டில்களுக்குக் கொண்டுவந்தால் அங்கே காதில் கருவி மாட்டிய ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள். முதலில் சாதாரணக் கம்பியைக் கம்பங்களில் இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் அடிவாரத்தில் துறைமுகம். பாரந்தூக்கிகளின் மோட்டார், பற்றவைக்கும் பொறி, எங்கள் கப்பல்களே போடும் தந்திச் சத்தம் எல்லாமே அந்தக் கம்பியில் ஏறிவிடும். ஜப்பான்காரன் பேசுவதைக் கேட்க உட்கார்ந்தவர்கள் பாரந்தூக்கி பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இந்தப் புதுக் கேபிள் பெரிய உருளைகளில் சுற்றப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கியது.

கேபிள் நெட்வேர்க் ஒன்று போடவேண்டும், பழகிய ஆட்கள் வேண்டும் என்று துரை மாமாவிடம் சொன்னார். நெட் என்றால் வலை, வேர்க் என்றால் வேலை, கேபிள் என்றால் நங்கூரக் கயிறு. மாமாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. துறைமுக வாயிலில் நீர்மூழ்கிகளை மறிக்க வலை கட்டியிருந்த காலம் வேறு. அன்று பின்னேரமே குடையைப் பிடித்துக்கொண்டு சல்லி என்ற மீனவக் கிராமத்துக்குப் போய், கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டியார் ஒருவரை, வலையிழுக்கும் ஆட்கள் முழுப்பேரோடும் கூட்டி வந்துவிட்டார். மறுநாள் காலையில் அவர்கள் ஊசியும் நூலுமாகக் கந்தோர் வாசலில் நின்றார்கள். துரை அவர்களைப் பார்த்தார், கைகளில் இருந்த வலைநூலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமா, "வலை வேலையில் இவர்களை வெல்ல ஆளில்லை" என்று ஆங்கிலத்தில் உறுதியளித்தார். நடந்த பிழை துரைக்கு விளங்கினாலும் வேறு ஆள் தேட நேரமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அந்த ஆட்கள் நன்றாகவே வேலை செய்தார்கள். பாரமான கயிற்றை முறுக்கு விழாமல், கல்லில் தேயாமல், ஒரே தாளத்தில் இழுத்துச் செல்ல அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. தன் மொழிபெயர்ப்பு சரி என்பதற்கு மாமா அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்.

சம்மாட்டியாரைப் பற்றியும் சொல்லவேண்டும். குள்ளமான, அகன்ற மனிதர். அதிகம் கதைக்கமாட்டார். யாராவது ஒரு விதியைச் சொன்னால் அதை ஏன் என்று கேட்கமாட்டார். ஆனால் அதை அணுவளவும் மீறமாட்டார். கடலில் தொழில் செய்பவருக்கு அப்படித்தான் இருக்கமுடியும் போலும்.

வேலை தொடங்குமுன் துரை எல்லோரையும் வேப்பமர நிழலில் இருத்திக் கேபிளின் குணங்களைச் சொன்னார். மாமா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். கந்தோர் யன்னலுக்குள் இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீதிமன்றப் பழக்கத்தில் மாமாவுக்கு எதையும் 'அது' என்று சொல்ல வராது. ஆகவே கேபிள், 'இவர்' ஆகிவிட்டது. "இவருக்குள்ள நடக்கிற கதை வெளியில ஒருத்தருக்கும் கேளாது. வெளியில ஆர் என்ன கூச்சல் போட்டாலும் இவருக்குள்ள போகாது. இரும்போட ஒட்டிக் கட்டலாம், மண்ணுக்குள்ள தாழ்க்கலாம், இவர் கோவிக்கமாட்டார்." ஆட்கள் மரியாதையோடு உருளையைப் பார்த்தார்கள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது மாமா இதையே வீட்டிலும் விளக்க, மாமி, "எங்கட வீட்டுக்கும் அதில ஒண்டு போடச் சொல்லுங்கோ. நீங்கள் கதைக்கிறது அடுத்த வளவுக்குக் கேளாமல் இருக்கும்" என்றார்.

குறைகளையும் துரை ஒளிக்கவில்லை. "இவரைச் சடாரெண்டு மடக்கக்கூடாது. மடக்கினால் நடுக்கம்பி ஒரு பக்கம் சாய்ஞ்சு சுவரைத் தொட்டிடும், பிறகு இவர் கதைக்கமாட்டார். மேல ஏறி மிதிக்கக்கூடாது. கனதூரம் போனால் களைச்சுப்போவார். நடுவில தூக்கிவிட வேணும். ஒரு மூட்டுப் பிழைச்சால் அதுக்கு அங்கால இருக்கிற கொட்டில் முழுக்கச் செவிடாப் போயிடும்." இந்தக் கடைசி விஷயத்தில்தான் சம்மாட்டியார் வாய் திறந்தார்.

"ஒரு கண் அறுந்தால் முழு வலையும் மீன் பிடியாதெண்டு சொல்லுறியள். அப்ப இது என்ன வலை, ஐயா?"

நல்ல கேள்வி. இன்றுவரை எந்தப் பொறியியலாளரும் அந்தக் குறையை இதைவிட நேராகச் சொல்லி நான் கேட்கவில்லை. மாமா அதைத் துரைக்கு, "தங்கள் விளக்கத்துக்கு இவர்கள் மிகவும் நன்றியுடையவர்களாக இருக்கிறார்கள்" என்று மொழிபெயர்த்தார்.

பிறகு துரை முக்கியமானதைச் சொன்னார். கேபிளின் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, பலவீனமெல்லாம் மூட்டில்தான். இரண்டு துண்டுகளைப் பொருத்தும் இடத்தில் கறுப்புத் தோலைச் சீவி, செம்புப் பின்னலை விரித்து, உள்ளே இருப்பதைத் திறக்கவேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் மூட்டு எப்படி இருக்கவேண்டும் என்பதை விரலை நீட்டி, ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னார்: "கிளீன் அண்ட் ட்ரை." துப்புரவாகவும் ஈரமில்லாமலும் இருக்கவேண்டும் என்பதுதான் அதன் பொருள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் உத்தியோக வாழ்க்கையின் மிக அழகான மொழிபெயர்ப்பைச் செய்தார்.

"மூட்டுப் போடேக்க எல்லாரும் சுத்தபத்தமா இருக்கவேணும்."

ஆட்களின் முகம் மாறியதை நான் கண்டேன். அதுவரை கயிறு பார்ப்பதுபோலப் பார்த்தவர்கள் சம்மணம் கட்டியிருந்த காலைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "விளங்குது ஐயா" என்றார் சம்மாட்டியார். விளங்கியது. சல்லிக்காரருக்குச் சுத்தபத்தம் என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரே அப்படித்தான் இருக்கும்.

மறுநாள் முதல் அந்த ஆட்கள் விடியலில் கிணற்றில் தலைமுழுகி, ஈரத்தலையோடு மலையேறினார்கள். மூட்டுப் போடும் நாட்களில் மீன் மச்சம் தொடுவதில்லை என்று சம்மாட்டியார் கட்டளை போட்டார். பிறந்ததிலிருந்து மீனில்லாமல் சோறு கண்டிராத மனிதர்கள் பூசணிக்காய்க் கறியோடு மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருப்பார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். மூட்டுப் போடும் முறை இப்படி: ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வந்து செம்பை ஈயத்தால் பற்றவைத்துவிட்டு, சிகரெட்டை மூட்டிக்கொண்டு அடுத்த மூட்டுக்கு நடந்துவிடுவான். நாடா சுற்றித் தார் பூசி இரும்புப் பெட்டியை மூடுவது எங்கள் ஆட்களின் வேலை. அந்தச் சிப்பாய் சிகரெட்டும் கையுமாகப் போனவன், தொட்டதெல்லாம் தீட்டு, துடக்கு. ஆகவே அவன் முதுகு திரும்பியதும் சம்மாட்டியார் செம்பில் கரைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீரை எடுத்து, மாவிலையால் தொட்டு, மூட்டுக்கு மூன்று தரம் தெளிப்பார். அதற்குப் பிறகுதான் நாடா, பிறகு தார், பிறகு மூடி. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியே இல்லை.

மஞ்சள் தண்ணீர் விஷயம் எங்களுக்குப் பின்னர்தான் தெரியவந்தது. அந்த நாட்களில் துரை கண்டதெல்லாம் குளித்து, திருநீறு பூசி, சண்டை சச்சரவு இல்லாமல், சாராயம் தொடாமல் வேலை செய்யும் ஆட்களைத்தான். இப்படி ஒரு பட்டாளம் தன் நாட்டிலும் கிடையாது என்று மாமாவிடம் சொன்னார். மாமா அதை வீட்டில் இருபது விதமாக மொழிபெயர்த்துச் சொன்னார்.

முதலில் எல்லாம் அருமையாக நடந்தது. கொட்டில்களில் இருந்தவர்கள் பாரந்தூக்கிச் சத்தமில்லாமல் கடலுக்கு அப்பாலுள்ளதைக் கேட்டார்கள். பிறகு மேற்கோரக் கொட்டில் கொஞ்சம் மந்தமாயிற்று. அடுத்து நடுக்கொட்டில். நாளாக ஆக ஒவ்வொன்றாகக் காது கேளாமல் போயின. கருவிகளைக் கழற்றிப் பூட்டினார்கள், கோபுரத்தில் ஏறிப் பார்த்தார்கள், ஒன்றிலும் பிழையில்லை. கடைசியில் துரை தானே வந்து ஒரு மூட்டுப் பெட்டியைத் திறப்பித்தார். தாரைச் சுரண்டி நாடாவை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து மஞ்சள் நிறமாக ஒரு துளி அவருடைய சப்பாத்தில் விழுந்தது. செம்புப் பின்னல் பச்சை பிடித்திருந்தது. அந்தப் பின்னல் ஒரு திரி மாதிரி. ஒரு துளி கிடைத்தால் தோலுக்கு அடியில் உறிஞ்சி உறிஞ்சி முழத்துக்கு முழம் கொண்டுபோய்விடும். அடுத்த பெட்டியையும் திறந்தார்கள். அதிலும் மஞ்சள்.

அது கச்சான் வீசும் காலம். நிலம் வெடித்து, குளங்கள் வற்றி, புல்லு நின்ற நிலையில் கருகிப்போன நேரம். மழையைக் கண்டு மாதங்கள் ஆகிவிட்டன. தார் பூசி மூடிய பெட்டிக்குள் தண்ணீர், அதுவும் மஞ்சள் தண்ணீர் எப்படி வரும்? யாரோ ஒரு இரசாயனத்தை வேண்டுமென்றே ஊற்றியிருக்கிறார்கள் என்பதைத் தவிர ஒரு பட்டாளத்து அதிகாரியால் வேறென்ன நினைக்கமுடியும்? நாசவேலை என்ற சொல் கந்தோரில் அடிபட்டது. மஞ்சள் துளிகளைப் போத்தலில் பிடித்து முத்திரை வைத்தார்கள். அன்று பின்னேரம் இராணுவப் பொலிசார் வந்து சம்மாட்டியாரை அழைத்துக்கொண்டுபோய் ஒரு கூடாரத்தில் காவலில் வைத்தார்கள். மறுநாள் காலை விசாரணை. குற்றம் நிரூபணமானால் கொழும்புக்கு அனுப்பப்படுவார். அந்தக் காலத்தில் அந்தக் குற்றத்துக்கு அப்படிக் கொழும்புக்குப் போனவர் திரும்பி வருவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எங்களுக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மாமா கதிரையில் கோட்டோடேயே உட்கார்ந்தார். நான் நடந்ததை மாமிக்குச் சொன்னேன். மாமி குசினியில் அம்மியடியில் இருந்தபடியே கேட்டுவிட்டு, தன் கையைப் பார்த்தார். கை மஞ்சளாக இருந்தது.

"மஞ்சள் தண்ணி தெளிக்கிறது சுத்தத்துக்கெல்லோ? இதிலென்ன நாசவேலை?" என்றார். பிறகு அம்மியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். "இஞ்சேருங்கோ. நீங்கள் அந்தாளுக்கு என்ன சொன்னனீங்கள்?"

மாமாவின் உதடுகள் அசைந்தன. கிளீன் அண்ட் ட்ரை என்று தனக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. இரண்டாம் முறை சொல்லும்போது 'ட்ரை'யில் நின்றுவிட்டார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை, அதைவிடப் புதுமையாகக் கதைக்கவும் இல்லை. மாமிக்கே பயம் வந்து, "ஏதாவது சொல்லுங்கோவன்" என்று கெஞ்சினார்.

மறுநாள் விசாரணைக்குத் துரையோடு இன்னும் இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். நான் தட்டெழுத்துப் பொறியோடு ஒரு மூலையில் இருந்தேன். சம்மாட்டியாரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காவலில் இருந்தும் எப்படியோ தலைமுழுகியிருந்தார். மொழிபெயர்ப்பதற்கு வேறு யாரையும் அழைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. மாமாதான் நடுவில் நின்றார். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் மாமாவும் நானும்தான். நான் வாய் திறக்கும் இடத்தில் இருக்கவில்லை. மாமா எதைச் சொன்னாலும் அதுதான் சாட்சியம்.

மூட்டுக்குள் நீ ஏதாவது ஊற்றினாயா என்று துரை கேட்டார். மாமா கேட்டார்.

"ஊத்தேல்லை ஐயா, தெளிச்சனான்" என்றார் சம்மாட்டியார். "ஒரு மூட்டையும் விடேல்லை. எல்லாத்துக்கும் நானே என்ர கையாலதான் தெளிச்சனான்." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மாமா அதைச் சொன்னார். மற்ற அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுதத் தொடங்கிவிட்டார்.

யார் சொல்லிச் செய்தாய் என்பது அடுத்த கேள்வி. மாமா அதையும் தமிழில் கேட்டார். சம்மாட்டியார் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார்.

"நீங்கள்தானே ஐயா சொன்னனீங்கள்."

என் விரல்கள் பொறியின் மேல் அப்படியே நின்றன. மாமாவின் பழைய வழக்கப்படி என்றால் அந்த மூன்று சொல்லும் ஒரு நீண்ட ஆங்கில வசனமாகி, அதற்குள் ஊர் வழக்கமும் சமயமும் அறியாமையும் கருணையும் எல்லாம் வந்து, 'நீங்கள்தானே' என்ற சொல் மட்டும் எங்கேயோ கரைந்து போயிருக்கும். அப்படிச் சொல்லவும் அவருக்குத் தெரியும். கண்டுபிடிக்க ஆளும் இல்லை. ஆனால் சம்மாட்டியார் கொழும்புக்குப் போய்விடுவார். மாமா கறுப்புக் கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

"நான்தான் சொன்னேன் என்று சொல்கிறார்" என்றார் ஆங்கிலத்தில். ஒரு சொல்லும் கூட்டவில்லை. பிறகு, "அது உண்மை" என்றார்.

துரையின் முகம் இன்னும் சிவந்தது. மாமா அதற்குப் பிறகு விளக்கினார். அதையும் சுருக்கமாகவே விளக்கினார். எங்கள் பாஷையில் சோடிச் சொற்கள் உண்டு. முதல் சொல்லுக்குத்தான் பொருள். இரண்டாவது சும்மா கூட வந்து, முதலாவதற்குத் துணையாக நிற்கும். சுத்தபத்தம் என்றால் சுத்தம்தான். பத்தம் என்று தனியாக ஒன்றும் இல்லை. தாங்கள் கிளீன் அண்ட் ட்ரை என்றபோது அதுவும் அப்படி ஒரு சோடி என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது சொல்லுக்கும் ஒரு பொருள் இருக்கும் என்று நினைக்கவில்லை. சுத்தமாக்கு என்றால் எங்கள் ஆட்கள் தண்ணீரால்தான் சுத்தமாக்குவார்கள். "பிழை என்னுடையது" என்று முடித்தார்.

துரை முத்திரை வைத்த போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது என்னவென்று கேட்டார். கறிக்குப் போடும் மஞ்சள் என்றார் மாமா. துரை மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. மற்ற அதிகாரிகள் சிரிக்கவில்லை. ஆனால் எழுதிக்கொண்டிருந்தவர் தாளை மெதுவாகக் கிழித்தார். ஆக, பொருளில்லாத ஒரு சொல்லுக்காகத்தான் என் மூட்டெல்லாம் போனதா என்று துரை கேட்டார். ஓம் என்றார் மாமா. அவசரத்தில் ஆங்கிலம் வரவில்லை.

சம்மாட்டியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்ததும் மாமா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான் உமக்கு இவ்வளவு பாடு, சம்மாட்டியார்" என்றார். "நீங்கள் சொன்னதை நாங்கள் குறைவில்லாமல் செய்தனாங்கள்தானே, ஐயா?" என்று அவர் கேட்டார். அதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. "ஓம், ஒரு குறையும் இல்லை" என்றார் மாமா. உடனே சம்மாட்டியார் தாழ்ந்த குரலில் இன்னொரு கேள்வி கேட்டார்: "அப்ப இனி மீன் சாப்பிடலாமே?"

மாமா வேலையை விட்டுவிலகக் கடிதம் கொடுத்தார். துரை வாங்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தண்டனை விதித்தார். இனி எந்தக் கட்டளையையும் மாமா தமிழில் சொன்னபின் சம்மாட்டியார் அதைத் தன் வாயால் திரும்பச் சொல்லவேண்டும். அதை மாமா மறுபடி ஆங்கிலத்தில் துரைக்குச் சொல்லவேண்டும். ஒரு முனையில் விட்டது மறு முனையில் அப்படியே வருகிறதா என்று கேபிளைச் சோதிப்பார்களே, அதே முறை. மாமாவுக்கு அது சிறைவாசத்துக்குச் சமம். துரை நாலு சொல் சொன்னால் நாலு சொல்தான் திரும்ப வரவேண்டும். மூட்டுகளையெல்லாம் வெட்டி எறிந்து, வெயிலில் காயவிட்ட கையோடு, காய்ந்த துணியால் துடைத்துத் துடைத்துப் புதிதாகப் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்த மாரியில் கொட்டும் மழைக்குள்ளும் ஒரு கொட்டில்கூடச் செவிடாகவில்லை. மூட்டுச் சரியாக அமைந்தால் கேபிளைக் குறைசொல்ல இடமில்லை. வெட்டி எறிந்த துண்டுகளில் ஒன்றைத்தான் மாமா கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். நான் பார்ப்பதைக் கண்டு, "இரண்டு பாஷைக்கு நடுவில நிண்டவன் நான். தண்ணி பூந்தது எனக்குள்ளதான், தம்பி" என்றார். அவர் காலத்துக்குப் பிறகு அது என் லாச்சிக்கு வந்தது.

நன்றிக்கடனாகச் சம்மாட்டியார் ஒரு பெரிய பாரை மீனை ஓலையில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்தார். மாமா சைவம். மாமியும் சைவம். முகத்தை முறிக்க முடியாமல் வாங்கி, கின்னியாவிலிருந்து புடைவை விற்க வரும் முஸ்லிம் காக்காவின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். பிறகு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பாரை வந்தது. இதைச் சம்மாட்டியாருக்கு எப்படிச் சொல்வது என்று மாமாவுக்குக் கடைசிவரை ஒரு மொழிபெயர்ப்புக் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் தங்கிவிட்டது. மாமி விடுவாரா? கொடியில் காயும் உடுப்பைத் தொட்டுப் பார்த்து, "சுத்தமாச்சு, இன்னும் பத்தம் ஆகேல்லை" என்பார். என் பிள்ளைகளை முழுகவார்த்துவிட்டு என் மனைவி துவாயோடு துரத்தும்போது, "பத்தம், பத்தம்" என்று சொல்லிக்கொண்டே ஓடுவாள். எங்கள் வளவுக்குள் பத்தம் என்றால் ஈரமில்லாமை. பண்டிதர்கள் வேறு பொருள் சொல்லக்கூடும். அவர்கள் எங்கள் வீட்டில் வளரவில்லை. மாமா படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் அவருக்குப் பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. ஒரு நாள் மாமி வெந்நீரில் உடம்பு துடைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்ப, அவர் ஈரக் கையைத் தூக்கிக் காட்டி, "பத்தம்" என்றார். மாமி திரும்பி வந்து, முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். சிரித்துக்கொண்டே அழுதார். எவ்வளவோ சொற்களைக் கூட்டிக் கூட்டிச் சொன்ன மனிதரிடம் நான் கேட்ட கடைசிச் சொல் அது. பொருளில்லை என்று அவரே சாட்சியம் சொன்ன சொல்.

கூரையில் இருந்த தம்பி இறங்கி வந்துவிட்டார். கையெல்லாம் பாசி. பழைய மூட்டை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டுவிட்டாராம். வெட்டிய துண்டைக் காட்டினார். செம்புப் பின்னல் பச்சை பிடித்திருந்தது. அதை வாங்கி என் துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். தோல் மெல்லிசு, பின்னல் ஐதாக இருக்கிறது, பச்சை மட்டும் அதே பச்சை.

"வடிவாக் கிளீன் பண்ணித்தான் போட்டனான், ஐயா" என்றார் அவர்.

"சுத்தம் சரி" என்றேன். "பத்தம்?"

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து விழித்தது. வயதுபோன மனிதருக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைத்திருக்கவேண்டும். குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஈரமில்லாமல் காய்ஞ்சிருக்கோ எண்டு கேக்கிறார், தம்பி" என்று உள்ளேயிருந்தபடியே என் மனைவி மொழிபெயர்த்தாள்.